டாக்டர் குப்புசுவாமி சிவானந்தரான வரலாறு



தெய்வப்புலமைத் திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துரைத்தார். நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றிக் கொடுப்பவன் என்பன அந்நான்குமாம். இந்நான்கனுள் முதற்கண் வைக்கப்பெற்றவன் நோயுற்றவனே என்பதை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. நோயைக் காண்கின்றோம், மருந்தைத் தேடுகின்றோம், மருத்துவனைப் புகழ்கின்றோம் அல்லது இகழ்கின்றோம். நோயைத் தாங்கி நிற்கும் மனிதன் என்ன உண்டான், எதனை அஞ்சினான், எவரிடத்துச் சினங் கொண்டான், இரவில் உறங்கினானா என்பவற்றை வினாவுவார் சிலரே. அங்ஙனம் வினாவத் தொடங்கிய ஒரு தமிழ் மருத்துவரின் சரித்திரத்தை இம்மாதம் எழுதப் புகுந்தேன்.

எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை மறையாது கூறிவிடுகின்றேன். என் தமையனார் பல்லாண்டுகளாக நீரிழிவு நோயுடையவர். சில ஆண்டுகளுக்கு முன் அன்பர் ஒருவர் அவரிடம், ரிஷிகேசத்துச் சிவானந்த சுவாமிகள் பெரிய டாக்டராய் இருந்தவர் என்றும், மருந்தெல்லாம் வீண் என்று கண்டு அதனை உதறிவிட்டு யோகத்தை மேற்கொண்டார் என்றும் சொல்லி வைத்தார். தமையனார் அதனை நம்பி, மாத்திரைகளை நிறுத்திவிட்டு, மூச்சுப் பயிற்சி மாத்திரமே போதுமென்று நான்கு திங்கள் இருந்தார். காலில் உண்டான சிறு புண் ஆறாமல் வளர்ந்தது. மருத்துவமனையிற் சேர்த்தபொழுது இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. கட்டுடன் படுத்திருந்தவர் என்னை நோக்கி, அந்தச் சுவாமிகள் கதை பொய்தானா என்று வினாவினார். தமிழ் கற்பிப்பதையே தொழிலாகவுடைய எனக்கு அப்பொழுது விடை சொல்லத் தெரியவில்லை. அதன்பின் அப்பெரியாரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். கதை முழுவதும் பொய்யன்று. ஆனால் சொன்னவர் பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிட்டார். விடுபட்ட பாதியே நமக்கு மிகவும் வேண்டியது.

பிறப்பும் கல்வியும்

பொருநையாற்றால் வளம்பெறும் திருநெல்வேலிச் சீமையிலே, கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடை என்னும் ஊரில், 1887-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 8-ந் தேதி வியாழக்கிழமை, வேங்கு ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மூன்றாம் மகவாய்ப் பிறந்தவர் குப்புசுவாமி. சிவாத்துவித நூல்கள் பல இயற்றிய அப்பைய தீட்சிதரின் வழியில் வந்த குடும்பம் அது. தந்தையார் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர், சிவபூசை தவறாதவர். ஆதலால் இளமையிலேயே வில்வம் பறித்தலும் மலர் தொடுத்தலும் பிள்ளைக்கு வழக்கமாயின.

எட்டயபுரத்து அரசர் உயர்நிலைப் பள்ளியிலே படித்த காலத்தில் குப்புசுவாமி விளையாட்டிலும் உடற்பயிற்சியிலும் மிக்க ஆர்வமுடையவராய் இருந்தார். 1901-ம் ஆண்டிலே சென்னைக் கவர்னர் ஆம்ட்ஹில் பிரபு அப்பக்கம் வந்தபொழுது வரவேற்புப் பாடல் பாடும் பேறு இவருக்குக் கிடைத்தது. பின்னர்த் திருச்சிராப்பள்ளி எஸ்.பி.ஜி. கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே பேச்சிலும் நாடகத்திலும் புகழ்பெற்றதோடு, மதுரைத் தமிழ்ச் சங்கத்தார் நடத்திய பரீட்சையிலும் தேறினார். பாண்டித்துரைத் தேவர் 1901-ல் நிறுவிய அச்சங்கத்தின் பரீட்சையில் தேறியவர், பிற்காலத்தில் உலகமெல்லாம் ஆங்கிலத்தில் நூல் பரப்பிய பெரியாராயினார் என்பது தமிழாசிரியனாகிய எனக்குத் தனியே மகிழ்ச்சி தருவதொன்று.

மருத்துவம் கற்றல் வேண்டுமென்று அவர் விரும்பிய காலத்தில், அக்குடும்பத்தார்க்கு அது உவப்பான தொழிலாய் இருந்திலது. பிணத்தை அறுத்துக் கற்பதும், எல்லாச் சாதியாரையும் தொட்டு நோய் பார்ப்பதும் ஆசாரத்திற்கு ஆகா என்று கருதிய காலம் அது. ஆயினும் அவர் தஞ்சை மருத்துவப் பள்ளியிற் சேர்ந்தார். விடுமுறை நாளில் மற்றை மாணாக்கர் ஊர் செல்ல, இவர் மருத்துவமனையிலேயே தங்கி அறுவை அறையிலும் நோயாளிகளின் அருகிலும் காலங் கழித்தார்.

1909-ம் ஆண்டிலே திருச்சிராப்பள்ளியில் அமிர்தம் என்று பொருள்படும் அம்பிரோசியா என்னும் ஆங்கில மருத்துவப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். முதற் செலவிற்குத் தாயார் நூறு ரூபாய் கொடுத்தார். கட்டுரை எழுதுவோர் போதாமையால், தாமே வெவ்வேறு புனைபெயர்களில் எழுதி அப்பத்திரிகையை நிரப்பினார். மேனாட்டு மருத்துவத்தோடு ஆயுர்வேதக் கருத்துக்களும் அதில் இடம்பெற்றன. நோய் வந்தபின் தீர்ப்பதனினும் வாராமற் காப்பதே மேல் என்றும், அதனைச் சாமானிய மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தல் மருத்துவனின் கடமை என்றும் அவர் அக்காலத்திலேயே உணர்ந்திருந்தார்.

மலாய் நாட்டில்

1913-ம் ஆண்டிலே குப்புசுவாமி கடல்கடந்து மலாய் நாடு செல்லத் துணிந்தார். கப்பலிற் கிடைக்கும் உணவு ஆசாரத்திற்கு ஒவ்வாதென்று அஞ்சித் தின்பண்டங்களையே வழியுணவாகக் கொண்டுசென்றமையால், சிங்கப்பூரில் இறங்கும்பொழுது அரைப் பிணமாய் இருந்தார் என்று அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். கையிற் பொருளில்லை, ஓர் அறிமுகக் கடிதமே துணை. அக்கடிதத்தின் வாயிலாகச் சிரம்பானில் ஓர் ஆங்கில மருத்துவரைக் கண்டு, அவரால் ரப்பர்த் தோட்டத்து மேலாளர் ஒருவரிடம் அனுப்பப்பெற்றார். ஒரு மருத்துவமனையை நடத்த இயலுமோ என்று மேலாளர் ஐயுற்று வினாவ, மூன்றாயினும் நடத்துவேன் என்று இளைஞர் விடை பகர்ந்தார். வேலை கிடைத்தது.

அக்காலத்து ரப்பர்த் தோட்டங்களின் நிலையை அறிந்தாலன்றி அவ்வேலையின் பாரம் விளங்காது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தமிழ்த் தொழிலாளர் கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பெற்றனர். காட்டை அழித்துத் தோட்டமாக்கிய இடங்களில் கொசு பெருகியது. மலைக்காய்ச்சல் என்று நம்மவர் வழங்கிய மலேரியாவும், வயிற்றுக் கடுப்பும், கொக்கிப்புழு நோயும் லயங்களிற் குடியிருந்தாரை வாட்டின. மலேரியா கொசுவினால் பரவுவதென்று ரொனால்டு ராஸ் என்பார் செகந்திராபாத்தில் 1897-ல் கண்டறிந்து அப்பொழுது இருபது ஆண்டுகள்கூட நிரம்பவில்லை. கையில் இருந்த மருந்து கொயினா ஒன்றே. பென்சிலின் முதலிய மருந்துகள் தோன்றாத காலம். நாட்கூலியிற் பெரும்பகுதி கள்ளுக்கடையிற் கழிந்தது. காய்ச்சல் தீர்ந்து சென்றவன் மறுதிங்களே மெலிந்து மீண்டு வந்தான்.

இத்தகைய இடத்தில் ஏறத்தாழ ஏழாண்டுகள் குப்புசுவாமி தோட்ட மருத்துவமனையை நடத்தினார். மருந்து கொடுப்பதும் கணக்கு எழுதுவதும் நோயாளிக்கு உணவு பார்ப்பதும் அவர் பொறுப்பே. வறியோரிடம் பொருள் பெறாததோடு, நோய் தீர்ந்து செல்வார்க்குத் தம் கைப்பொருளைக் கொடுத்தனுப்புவதும் உண்டு. ஓரிரவு பெருமழையில் நனைந்து வந்த ஏழை ஒருவன், தன் மனைவி மகப்பேற்று வேதனையில் இருப்பதாகக் கூறினான். டாக்டர் உடனே சென்று வேண்டுவன செய்து, பின்னும் வீடு திரும்பாமல், மழையில் அக்குடிசையின் வெளியே காத்திருந்து, மகவு நலமாய்ப் பிறந்தபின்னரே விடியலில் மீண்டார். மருந்தியற்றுவோன் அருகிருத்தலும் மருத்துவத்தின் ஒரு கூறு என்று வள்ளுவனார் வைத்ததன் பொருள் இதுவன்றோ!

பின்னர் மூன்றாண்டுகள் ஜொகூரில் பணியாற்றினார். இலண்டன் மாநகரத்துப் பொதுச் சுகாதார சங்கங்கள் இவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டன. வீட்டு வைத்தியம், பழங்களும் ஆரோக்கியமும், பொதுச் சுகாதாரம் என்பன பற்றியும், நோய்களுக்குரிய தமிழ்ப் பெயர்கள் பற்றியும் சிறு நூல்கள் எழுதினார். ஆங்கிலம் அறியாத நோயாளியின் வாயிலிருந்து நோயை அறிவதற்கு அவன் மொழியில் அதன் பெயர் மருத்துவனுக்குத் தெரிதல் வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும்.

அக்காலத்தில் அவர் துறவியல்லர் என்பதையும் சொல்லல் வேண்டும். பட்டும் வாசனையும் விரும்பினார். தங்கம், வெள்ளி, சந்தனம் முதலியவற்றாலாகிய அழகிய பொருள்களைச் சேர்த்து வைத்தார். பத்து விரலுக்கும் பத்து மோதிரம் அணிந்த நாளும் உண்டென்பர். பணமும் புகழும் தேடிவந்தன.

மனமாற்றம்

இவ்வாறு வாழ்ந்தவர் மனம் மாறியது ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. சாது ஒருவர் நோயுற்று இவரிடம் சிகிச்சை பெற்றார். நலமடைந்து செல்லும்பொழுது, சச்சிதானந்த சுவாமிகள் இயற்றிய வேதாந்த நூல் ஒன்றை நன்றியாக அளித்தார். அந்நூல் டாக்டரின் நெஞ்சிலே நெடுநாள் உறங்கிக் கிடந்த வித்தினை முளைக்கச் செய்தது. அதன்பின் கீதை, பைபிள், மகான்களின் சரித்திரங்கள் முதலியவற்றைப் படித்தார். ஜபமும் ஆசனமும் பழகினார்.

நூல் ஒருபுறமாக, மருத்துவமனையே அவருக்குப் பெரிய பாடசாலையாயிற்று. வறியவனும் செல்வனும் ஒரே கட்டிலில் ஒரே வேதனையால் துடிப்பதை நாள்தோறும் கண்டார். காய்ச்சலைத் தணிக்கலாம், காய்ச்சலுக்கு அஞ்சும் அச்சத்தைக் கொயினா தணிப்பதில்லை. குடியால் கெட்ட குடலுக்கு மருந்துண்டு. மீண்டும் கடைக்கு இழுக்கும் மனத்துக்கு அம்மருந்து எட்டுவதில்லை. உடலைத் தைத்து அனுப்பினால், அதே கவலையும் அதே சினமும் மறுபடி அவனைக் கொணர்ந்து சேர்க்கின்றன. நோய்க்குக் காரணம் நாடுக என்று வள்ளுவர் விதித்தாரே. அக்காரணத்தைக் குருதியிலும் கொசுவிலும் மாத்திரம் நாடினால் போதுமா, மனத்திலும் நாடவேண்டாவா என்னும் வினா அவருள் எழுந்திருத்தல் வேண்டும் என்று, அவர் பின்னர்ச் செய்தவற்றைக் கொண்டு நாம் துணியலாம். நாள்தோறும் அலுவல், உணவு, உறக்கம் என்னும் இவற்றினும் உயர்ந்த நோக்கம் ஒன்று வாழ்க்கைக்கு இல்லையா என்று அவர் தம்மைத் தாமே வினாவிக்கொண்டார்.

1923-ம் ஆண்டிலே, முப்பத்தைந்து வயது கடந்த நிலையில், நல்ல வருவாயைத் துறந்து தாய்நாடு திரும்பினார். சென்னையில் நண்பர் இல்லத்திற் பொருள்களை வைத்துவிட்டு, ஊருக்கும் செல்லாமல் காசிக்குப் புறப்பட்டார். நாசிக்கு, புனா, பண்டரிபுரம் என்று கால்நடையாகவும் திரிந்தார். சந்திரபாகை ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரிலே அஞ்சல் அலுவலர் ஒருவர் வீட்டில் சில திங்கள் தங்கி, நீர் சுமந்தும் சமைத்தும் பணிவிடை செய்தார். பத்து மோதிரம் அணிந்த கைகள் பாத்திரம் துலக்கின! தம்மிடமுள்ள செருக்கு என்னும் நோய்க்குத் தாமே செய்துகொண்ட சிகிச்சை அது என்று கொள்ளலாம்.

கங்கைக் கரையில்

1924-ம் ஆண்டு மே மாதம் ரிஷிகேசத்தை அடைந்தார். ஜூன் மாதம் 1-ந் தேதி விசுவானந்த சரசுவதி என்னும் பெரியாரிடம் சந்நியாசம் பெற்றுச் சிவானந்த சரசுவதி என்னும் திருநாமம் பூண்டார். கங்கையின் மறுகரையிலுள்ள சுவர்க்காசிரமத்தில் ஒரு சிறு குடிலிற் குடியேறிக் கடுந்தவம் புரிந்தார். உலர்ந்த ரொட்டியைக் கங்கை நீரில் நனைத்து உண்டார்.

என் தமையனாருக்குக் கதை சொன்னவர் விட்டுவிட்ட பாதி இங்கேதான் தொடங்குகின்றது. துறவு பூண்ட சிவானந்தர் மருந்துப் பெட்டியைக் கங்கையில் எறிந்துவிடவில்லை. தவஞ்செய்த நேரம் போக எஞ்சிய பொழுதில், குடில்தோறும் சென்று நோயுற்ற சாதுக்களுக்கு மருந்து கொடுத்தார். அவர்தம் கால்களைப் பிடித்துவிட்டார். உணவு வாங்கிக் கொடுத்தார். காலராக் கண்டு கிடந்தாரையும் அஞ்சாது அணுகினார். 1927-ம் ஆண்டிலே, முன்னாளில் எடுத்திருந்த ஆயுள் காப்பீட்டின் பணம் கைக்கு வந்தபொழுது, அதனைக் கொண்டு இலட்சுமணஜூலாவில் தரும வைத்தியசாலை ஒன்றை நடத்தினார். பதரிநாதம் செல்லும் யாத்திரிகர் கால்வீங்கியும் காய்ச்சலுற்றும் வரும் வழி அது.

ஒருநாள் யாத்திரிகர் ஒருவருக்கு மருந்து கொடுத்தனுப்பினார். மறுநாட் காலையில் அந்நோய்க்கு அதனினும் ஏற்ற மருந்து ஒன்று நினைவுக்கு வந்தது. யாத்திரிகரோ மலைவழியில் நெடுந்தூரம் சென்றுவிட்டார். சுவாமிகள் அம்மருந்தை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஐந்து மைல் தூரம் ஓடிச் சென்று அவரைப் பிடித்துக் கொடுத்து மீண்டார். மருந்து வீண் என்று கண்டவர் அதனைச் சுமந்துகொண்டு ஐந்து மைல் ஓடுவரோ? நல்ல மருந்தை இரண்டாவதாகவும் எண்ணிப் பார்க்கும் மருத்துவ மனமும், அதனை உடனே கொண்டு சேர்க்கும் அருள் மனமும் ஒருங்கே அமைந்தமையின் அவர் ஓடினார்.

1934-ல் கங்கையின் வலக்கரைக்கு வந்து, முன்பு மாட்டுக்கொட்டிலாய் இருந்த இடிந்த கட்டடம் ஒன்றில் தங்கினார். 1936-ல் தெய்வ நெறிக் கழகம் தோன்றியது. 1945-ல் இமயமலை மூலிகைகளைக் கொண்டு ஆயுர்வேத மருந்துசாலையும், 1948-ல் யோக வேதாந்த வித்தியாலயமும் அங்கே நிறுவப்பெற்றன. சிறு மருந்தகமாய்த் தொடங்கியது பின்னாளில் மருத்துவமனையாய் வளர்ந்தது.

மனத்திற்கு மருந்து

அவர் கைக்கொண்ட புதிய மருத்துவம் யாது? அதனை ஒரு மந்திரவாதமாக எண்ணுதல் தவறு. உடல், மூச்சு, உணவு, மனம், பிறர்க்கு உதவுதல் என்னும் ஐந்தினையும் ஒருங்கே ஒழுங்குபடுத்தும் நெறியே அது. விடியற்காலம் நான்கு மணிக்கு எழுதல், ஆசனமும் உலாவுதலும் செய்தல், பிராணாயாமம் பழகுதல், எளிய உணவை அளவாக உண்டல், நாள்தோறும் சிறிதுநேரம் மௌனமாய் இருத்தல், ஜபமும் தியானமும் செய்தல், வருவாயிற் பத்திலொரு பங்கு தருமஞ்செய்தல் என்பன அவர் விதித்தவை.

இவற்றோடு, தம்மை அடுத்தோர் ஒவ்வொருவரும் தினக்குறிப்பு எழுதல் வேண்டுமென்று கட்டளையிட்டார். எத்தனை மணி உறங்கினாய், எத்தனை முறை சினந்தாய், எத்தனை பொய் சொன்னாய், எத்தனை நாழிகை வீணே கழித்தாய், பிறர்க்கு என்ன உதவி செய்தாய் என்பன அதிலுள்ள வினாக்கள். மருத்துவமனையில் நோயாளியின் தலைமாட்டில் காய்ச்சல் அளவு குறித்துத் தொங்கவிடும் சீட்டினை நாம் கண்டிருக்கின்றோம். அச்சீட்டினையே மனத்திற்கும் வகுத்தார் இம்மருத்துவர். சினத்தையும் அச்சத்தையும் வெறும் பாவமென்று இகழாமல், குறித்துவைத்து, காரணம் நாடி, நாள்தோறும் சிறிது சிறிதாய்க் குறைக்கத்தக்க நோயாகவே அவர் கண்டார்.

இருநூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதினார். மனத்தின் இயல்பும் அடக்கமும், அச்சத்தை வெல்லுதல், சினத்தை வெல்லுதல், ஆசனம், இயற்கை மருத்துவம், ஆயுர்வேதம் என்று அவற்றின் பொருள் விரியும். கடிதம் எழுதிய முன்பின் அறியாதார்க்கும் விடை எழுதி, அவரவர்க்கு ஏற்ற பயிற்சியை விதித்தார். அந்நூல்களிலுள்ள சில கருத்துக்கள் அக்காலத்து நம்பிக்கையைச் சார்ந்தனவேயன்றி, இன்றைய ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பெற்றன அல்ல என்பதனையும் நடுநிலையோடு கூறல் வேண்டும். பெரியாரைப் போற்றுதல் வேறு. அவர் எழுதிய ஒவ்வோர் எழுத்தையும் மருந்துச் சீட்டாகக் கொள்ளுதல் வேறு.

அவர் மனமருத்துவம் மெய்யே என்பதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சி. 1950-ம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ந் தேதி இரவு, சத்சங்கம் நடந்துகொண்டிருந்தபொழுது, மனங்குலைந்த ஒருவன் கோடரி கொண்டு சுவாமிகளைத் தாக்கினான். தெய்வாதீனமாக உயிர்க்கு ஊறு நேரவில்லை. அடியார்கள் கொதித்தெழுந்தனர். சுவாமிகளோ அவனைத் தண்டிக்க ஒருப்படாமல், நேரிற் சென்று கண்டு, நன்மொழி கூறி, நூல்கள் கொடுத்து, ஊர் திரும்ப வழிசெய்தார். தோட்டத்து மருத்துவமனையில் காய்ச்சல் வேகத்தில் பிதற்றிக் கைந்நீட்டும் நோயாளியை அவர் எத்தனையோ முறை கண்டிருப்பார். அவனை அடிக்கும் மருத்துவன் உலகத்தில் இல்லை. அந்த நோக்கே இங்கும் நின்றது.

இறுதிக் காலம்

1950-ம் ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை இரண்டு மாதங்கள் இந்தியா முழுதும் இலங்கையும் சுற்றி வந்து பேசினார். தென்னாட்டு மக்கள் தம்மவர் ஒருவர் இமயம் சென்று திரும்பியதாகவே எண்ணி மகிழ்ந்தனர்.

அவர் தமக்கும் நோயில்லாதவர் அல்லர். நீரிழிவும் இடுப்பு வலியும் அவரை நெடுங்காலம் வருத்தின. அவற்றை அவர் மறைக்கவுமில்லை. யோகி மருந்துண்ணல் இழிவு என்று கருதவுமில்லை. மருத்துவர்கள் பார்த்தனர், அவரும் அவர்தம் சிகிச்சையை ஏற்றார், அதனோடு தம் ஜபத்தையும் பணியையும் விடாது நடத்தினார். 1963-ம் ஆண்டு ஜூலை மாதம் 14-ந் தேதி இரவு, தம் எழுபத்தைந்தாம் வயதில், கங்கைக் கரைக் குடிலில் இறைவன் திருவடி சேர்ந்தார்.

அவர் ஊன்றிய வித்து எங்கெங்கோ முளைத்தது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திற் பிறந்த சச்சிதானந்த சுவாமிகள் (முன்சொன்ன நூலாசிரியரின் வேறானவர்) 1949-ல் இவரிடம் சந்நியாசம் பெற்று, இலங்கையிலும் பின்னர் அமெரிக்காவிலும் யோகம் கற்பித்தார். அவரிடம் கற்ற அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ் என்பார், இருதய நோயாளிகளுக்குச் சைவ உணவு, நடை, ஆசனம், தியானம், புகை விலக்கல் முதலியவற்றை ஒருசேர விதித்து ஆராய்ந்து, 1990-ல் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் அதன் பயனை வெளியிட்டார். அந்நெறியைக் கைக்கொண்டோர் பலர்க்கு இருதயக் குழாயின் அடைப்புச் சிறிது குறைந்தமை படங்களால் தெரிந்தது. ஆராயப்பெற்றோர் ஐம்பதின்மருக்கும் குறைவே. ஆதலின் அதனை அளவுக்கு மீறிப் புகழ்தல் ஆகாது. ஆயினும் நோயைக் கருவியால் அளந்து, மருத்துவர் மேற்பார்வையில், மனத்தையும் உணவையும் சேர்த்துத் திருத்திய முறையைக் காணும்பொழுது, தோட்டத்து டாக்டர் கண்ட கனவு முழுவட்டம் சுற்றி மீண்டும் மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தது என்னலாம்.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்காள்! புதுப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள நம் கடற்கரை ஊர்களில் இக்காலத்து நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு அரிது. நம்முள் இருவகைப் பிழை உண்டு. மாத்திரையை விழுங்கிவிட்டு, உண்பதை உண்டு, குடிப்பதைக் குடித்து, சினத்தையும் கவலையையும் அப்படியே வைத்துக்கொண்டு, மருந்து பலிக்கவில்லை என்று மருத்துவரை நோதல் ஒன்று. யோகம் என்றும் தெய்வம் என்றும் சொல்லி மருந்தை நிறுத்திவிடுதல் மற்றொன்று. முன்னையது நோயுற்றவனை மறந்தது. பின்னையது நோயை மறந்தது. சிவானந்தர் இரண்டனையும் மறந்தவர் அல்லர். மருத்துவத்தினின்று அவர் விலகிச் செல்லவில்லை. அதன் எல்லையை மனம் வரையில் விரித்தார். அவர் வாழ்க்கையை மருந்தை விடுதற்குச் சான்றாக எவரேனும் காட்டுவாராயின், ஐந்து மைல் ஓடிய கதையை அவர்க்கு நினைவூட்டுக.

நம் இல்லங்களிற் செய்யத்தக்கது எளிது. மருத்துவர் விதித்த மருந்தை அவரைக் கேளாமற் குறைத்தலும் நிறுத்தலும் கூடா. அதனோடு, வைகறையில் எழுந்து சிறிது உலாவுதலும், அளவான உணவும், அமைதியாய்ச் சற்றே அமர்ந்திருத்தலும், இரவில் படுக்குமுன் இன்று எத்தனை முறை சினந்தேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தலும் மேற்கொள்க. பிள்ளைகள் பெற்றோருடைய மருந்துவேளையைக் கவனித்துக் கொள்க. நோயுற்ற உறவினரைக் காணச் சென்றால், கேட்ட கதையெல்லாம் சொல்லி மருந்து மாற்றாமல், மழையில் குடிசைக்கு வெளியே நின்ற அந்த டாக்டரைப்போல் அருகே சிறிதுநேரம் இருத்தலே பேருதவியாம்.

என் தமையனார் இப்பொழுது மாத்திரையும் தவறாமல் உண்கின்றார். விடியலில் தக்க பாதுகாப்புள்ள மிதியடி அணிந்து மெல்ல உலாவி, வீடு வந்து மூச்சுப் பயிற்சியும் செய்கின்றார். அவர் கேட்ட வினாவிற்கு விடையாக இச்சரித்திரத்தை முதலில் அவர்க்கே படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், இதனைச் சங்கப் பத்திரிகைக்கு அனுப்பிவிடு என்றார். அனுப்பினேன்.